வாள் சண்டை நடக்கும்போது யார் பாடறது?



போன மாதச் சுவர் இதழில் 11-ஆம் வகுப்பு அண்ணன் ஒருவர், வீடியோ கேமில் பாட்டு வருவது சோற்றில் கல் வருவது மாதிரி என்று எழுதியிருந்தார். அதுக்குக் கீழேயே யாரோ பென்சிலால், "பாட்டு இல்லாத கேம் உப்பில்லாத கூழ்" என்று கிறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். (சார்ட் பேப்பரில் கிறுக்கியதற்குத் தமிழ் ஐயா ஒரு பீரியட் முழுக்கத் திட்டினார், ஆள்தான் கிடைக்கவில்லை.) ரெண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இப்போ வந்திருக்கு. ஏன்னா ஆண்டு விழா கண்காட்சிக்கு எங்க வகுப்புல 5 பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் ரூமில் ஸ்கிராட்ச் வைத்து ஒரு விளையாட்டு செய்கிறோம். பேரு "அர்ச்சுனன் தபசு". அதில் என்ன பாட்டு போடுவது என்று 3 வாரமா சண்டை. ஒருத்தன் இந்த வருஷம் ஹிட்டான குத்துப் பாட்டைப் போடணும்கிறான், அப்பதான் கூட்டம் சேருமாம். இன்னொருத்தி குரலே வேண்டாம், வெறும் மத்தளம் போதும் என்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாடி முடிவு சொல்லணும்னு சார் சொல்லிவிட்டார்.

விளையாடாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ரோல் பிளேயிங் கேம், சுருக்கமா ஆர்.பி.ஜி., என்றால் நாமே ஒரு பாத்திரமாக மாறி, ஊர் ஊராகப் போய், ஆட்களிடம் பேசி, சண்டை போட்டு, கதையை நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு. பெரும்பாலும் மந்திரவாதி, டிராகன், மாய வாள் என்று மாயாஜாலக் கதையாக இருக்கும். ஒரு கேமை முடிக்க 40 மணி நேரம், 50 மணி நேரம்கூட ஆகும். அந்த நேரம் முழுக்கப் பின்னாடி இசை ஓடிக்கொண்டே இருக்கும். அது வெறும் வாத்தியமா இருக்கணுமா, இல்லை வார்த்தையோடு ஒருத்தர் பாடலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் அண்ணன் கட்சியில் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டுகளில் பாத்திரங்கள் பேசுவது பல நேரம் எழுத்தாகத்தான் திரையில் வரும். கண் ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது காது வேறொரு வாக்கியத்தைக் கேட்டால் ரெண்டும் மண்டையில் ஏறாது. ரேடியோ போட்டுவிட்டு வரலாறு படிக்க முடியுமா? அது மட்டும் இல்லை, சண்டை இசை ஒரு கேமில் நூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும். மெட்டு நூறு தடவை கேட்டாலும் தாங்கும். "உன்னைப் பிரியேன்" என்று ஒருத்தர் உருகி உருகிப் பாடுவதைப் பத்தாவது தடவை கேட்டால் நமக்கே "பிரிஞ்சு போயேன்பா" என்று தோன்றும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது புரியும். எங்க வீட்டில் தறி இருக்கு. அப்பா சேலையின் உடல் நெய்யும்போது காலையிலிருந்து எஃப்.எம். ஓடிக்கிட்டே இருக்கும், அவரும் கூடவே பாடுவார். முந்தானை ஆரம்பிக்கிற இடம் வந்தாலோ, பாவில் இழை அறுந்து தேடிப் பிடித்து முடி போடும்போதோ, "டேய், அதை அணை" என்பார். அவருக்குப் பாட்டு பிடிக்காமல் இல்லை. கை பழக்கத்தில் ஓடும்போது வார்த்தை இடைஞ்சல் இல்லை, மனசு வேலை செய்யும்போது இடைஞ்சல், அவ்வளவுதான்.

சரி, அப்போ அண்ணன் சொன்னது சரிதானே, குரலே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆரம்பத்தில் கேமில் யாரும் பாடாததற்குக் காரணம் ரசனை கிடையாது, இடம் இல்லை. 1994-ல் ஜப்பானில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 6 முழுசும் ஒரு கேட்ரிட்ஜில் 3 எம்.பி.க்குள் அடங்கியது. இன்றைக்கு நாம் வாட்ஸாப்பில் அனுப்புகிற ஒரு பாட்டே அந்த அளவு இருக்கும். அப்படியும் அதில் இசையமைப்பாளர் நோபுவோ உவேமட்சு ஒரு நாடகப் பாட்டு வைத்தார். செலஸ் என்கிற பெண் தளபதி, கடத்தப்படவிருந்த நாடக நடிகைக்குப் பதிலாக மேடையேறிப் பாட வேண்டும். குரல் வைக்க இடம் இல்லாததால், குரல் மாதிரி ஒரு ஒலியைக் கருவியிலேயே உண்டாக்கி, பாட்டின் வரிகளைத் திரையில் எழுத்தாகக் காட்டினார்கள். அடுத்த வரி எது என்று விளையாடுகிறவர்தான் ஞாபகம் வைத்துத் தேர்ந்தெடுக்கணும். தப்பா சொன்னால் காட்சி கெட்டுவிடும். பாட்டே அங்கே விளையாட்டு! உண்மையான குரலே இல்லாமல் இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அப்புறம் சி.டி. வந்தது. 1999-ல் ஃபைனல் ஃபேன்டஸி 8 வந்தபோது 4 சி.டி.கள். இடத்துக்குப் பஞ்சமில்லை. ஹாங்காங்கில் புகழ்பெற்ற பாடகி ஃபே வாங்கை வைத்து ஆங்கிலத்தில் ஒரு காதல் பாட்டு பாட வைத்தார்கள், "ஐஸ் ஆன் மீ" என்று பேர். தனி சி.டி.யாகவும் விற்று, ஜப்பானின் கோல்டு டிஸ்க் விருதும் வாங்கியது. சினிமாப் பாட்டு மாதிரி சும்மா ஒட்டி வைத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கதையில் ஜூலியா என்று ஒரு பெண், ஓட்டலில் பியானோ வாசிப்பவள். தினமும் வந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து பேசக் கூச்சப்படுகிற ஒரு சிப்பாயை நினைத்து அவள் எழுதிய பாட்டு அது. முழுப் பாட்டு குரலோடு வருவது கேமின் பின்பாதியில், நாயகனும் நாயகியும் விண்கலத்தில் தனியாக இருக்கும்போது. அந்த நாயகி யார் என்றால் ஜூலியாவின் மகள்! அம்மா எழுதிய பாட்டு மகளுக்காக ஒலிக்கிறது. அந்த நேரத்தில் நம் கைக்குச் சண்டை வேலை எதுவும் இல்லை. நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இதோடு 2002-ல் வந்த கிங்டம் ஹார்ட்ஸை வைத்துப் பாருங்கள். அதன் ஆரம்பப் பாட்டை உதடா ஹிகாரு பாடியிருக்கிறார், கேட்க அருமையான பாட்டு, நானே ரிங்டோனா வைத்திருந்தேன். ஆனால் அந்தக் கதைக்குள் அதைப் பாடுகிற ஆள் யாரும் இல்லை. சினிமா தொடங்கும் முன் டைட்டில் பாட்டு ஓடுகிற மாதிரி வாசலிலேயே நின்றுவிடுகிறது. அது தப்பில்லை, ஆனால் உள்ளே வரவும் இல்லை.

ஆக, என் கட்சி இதுதான்: குரல் இருக்கா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அந்த உலகத்துக்குள்ளே யார் பாடறது? அந்த ஆளைக் காட்ட முடிந்தால் எந்தப் பாட்டும் பொருந்தும், பாப் பாட்டுகூட.

இதை ஜப்பான்காரர்களிடம் போய்த்தான் கத்துக்கணும்னு இல்லை. பங்குனி, சித்திரை, வைகாசியில் நம்ம சுத்துப்பட்டு கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா வந்தால் ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். செய்யாறு பக்கம் இருக்கிற புரிசை, கூத்துக்கென்றே பேர் வாங்கிய ஊர். கூத்தும் மாயாஜாலக் கதைதானே? அஸ்திரம் இருக்கு, அரக்கன் இருக்கு, சாபம் இருக்கு, ஒருத்தர் வேஷம் கட்டி இன்னொருத்தராகவே மாறுகிறார். அதில் ராத்திரி பூரா பாட்டு. ஒருத்தருக்கும் அது சோற்றில் கல்லாகத் தெரியவில்லை. ஏன்? துரியோதனன் வரும்போது ரெண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னாடி நின்றே அவன் விருத்தம் பாடுவான். முகத்தைக் காட்டுமுன் குரலைக் காட்டுகிறான். அப்புறம் திரை விலகி, தான் யார், தன் பெருமை என்ன என்று அவனே பாடி ஆடுவான், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். நடுவில் கட்டியங்காரன் கிண்டல் பண்ணுவான். ரெண்டு வேஷம் எதிரெதிரே வந்தால் சண்டையே பாட்டில்தான், தர்க்கம் என்று பேர். பாட்டு கதையை நிறுத்துவதில்லை, பாட்டுதான் கதையை நகர்த்துகிறது.

"கூத்திலும் சினிமா மெட்டு போடறாங்களே" என்று கேட்பீர்கள். போடறாங்க, நானும் கேட்டிருக்கேன். மெட்டு சினிமாவாக இருந்தாலும் வார்த்தை அந்த வேஷத்தினுடையது, பாடுகிற வாயும் அவனுடையது. அதனால் உறுத்தவில்லை. 1957-ல் வந்த மாயா பஜார் படத்தில் கடோத்கஜன் கல்யாண விருந்து மொத்தத்தையும் தனியாளாகச் சாப்பிட்டுக்கொண்டே பாடுவது தாத்தாவிலிருந்து எல்.கே.ஜி. வரைக்கும் பிடிப்பதும் அதனால்தான்.

இதே வேலையை இப்போது வெளிநாட்டுக்காரர்கள் கேமில் செய்கிறார்கள். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-ல் ராஃபேல் என்று ஒரு பிசாசு. அவன் மாளிகையில் அவனோடு சண்டை போடும்போது பின்னணியில் பாடுவது வேறு யாரோ இல்லை, ராஃபேலேதான். தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு நம்மை அடிக்கிறான். (இது பெரியவர்களுக்கான கேம், நான் விளையாடவில்லை, அந்தப் பாட்டை மட்டும் யூடியூபில் கேட்டேன். ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.) கேட்டவுடன் எனக்குக் கூத்துத் துரியோதனன்தான் ஞாபகம் வந்தான். சண்டையில் வார்த்தை இடைஞ்சல் என்று மேலே சொன்னேன் இல்லையா, இங்கே இடைஞ்சல் பண்ணுவதே எதிரி என்பதால் அதுவும் பொருந்திவிடுகிறது!

வேறு ஒரு வழியும் உண்டு. 2010-ல் வந்த நியர் கேமில் எமி எவன்ஸ் என்கிற பாடகி எந்த நாட்டு மொழியும் இல்லாத, கற்பனையாக உண்டாக்கிய மொழியில் பாடியிருக்கிறார். குரலின் துக்கம் மட்டும் வரும், வார்த்தை குறுக்கே நிற்காது. 2011-ல் வந்த ஸ்கைரிமில் டிராகன்களின் மொழியையே உண்டாக்கி அதில் கோரஸ் பாட வைத்தார்கள். மத்தளம் மட்டும் போதும் என்கிற என் தோழி இதைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழில் பாட்டு வருகிற கேம் இருக்கா என்று கேட்டால், இருக்கு. கனடாவில் டொரண்டோவிலிருந்து விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட "வெண்பா". இது மாயாஜாலம் இல்லை, 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன ஒரு குடும்பத்தின் கதை. அம்மா எழுதிவைத்த கிழிந்த சமையல் நோட்டை வைத்துக்கொண்டு இட்லியிலிருந்து ஆரம்பித்து நாம் சமைக்க வேண்டும். சமைக்கும்போது பாட்டு ஓடும், அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டு மாதிரியே புதுசாகப் போட்ட பாட்டுகள். 2024-ல் பாஃப்டா விருதும் வாங்கியது. அங்கே சினிமாப் பாட்டு ஏன் பொருந்துது? சமையலறையில் பாட்டுப் பெட்டி இருக்கும், ஊரை விட்டுப் போனவங்க வீட்டில் கண்டிப்பா இருக்கும். ஆனால் அர்ச்சுனன் தபசுக்குப் போன காட்டில் ரேடியோ கிடையாதே நண்பா! அங்கே குத்துப் பாட்டு எங்கிருந்து வரும்? (அந்தப் பாட்டுக்கு உரிமை வாங்கணும் என்பது வேறு விஷயம்.)

எங்க குழுவுக்கு நான் சொல்லும் யோசனை இது. கூத்தில் தபசு அன்றைக்கு என்ன நடக்குது? நெட்டையான தபசு மரம் நட்டு, அர்ச்சுனன் வேஷம் கட்டியவர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே ஊரே அண்ணாந்து பார்க்கும். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ எல்லாம் போடுவார், ஜனங்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். ஒரு கேமுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு படிக்கு ஒரு அடி பாட்டு. விளையாடுகிறவர் அடுத்த அடியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அர்ச்சுனன் ஒரு படி ஏறணும், தப்பினால் ஒரு படி இறங்கணும். செலஸுக்குச் செய்தது நம்ம அர்ச்சுனனுக்கும் நடக்கும். காட்டில் வேடனாக வருகிற சிவனோடு நடக்கிற சண்டையில் மட்டும் வார்த்தை வேண்டாம், தோழி சொன்ன மாதிரி மத்தளமும் முகவீணையும் போதும்.

கூட்டம் சேராது என்று பயப்படுகிறவர்களுக்கு: கண்காட்சிக்கு வரப்போவது நம்ம அம்மா அப்பா, தாத்தா பாட்டிதான். குத்துப் பாட்டு அவங்க தினமும் பஸ்ஸில் கேட்கிறது. தபசுப் பாட்டு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் எந்தப் பாட்டி நிற்காமல் போவாங்க?

எங்க தெருவில் கூத்து வாத்தியார் ஒருவர் இருக்கிறார். போய்க் கேட்டேன். முதலில் சிரித்தார், அப்புறம் எந்தப் படிக்கு எந்த ராகம் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்தோடு பாடித் தருவாராம். ஒரே ஒரு நிபந்தனை: "மேல் படிக்குப் போகப் போக மூச்சு வாங்கற மாதிரிதான் பாடுவேன் தம்பி. உட்கார்ந்துக்கிட்டு பாடற மாதிரி சுத்தமா வேணும்னா என்னைக் கூப்பிடாதீங்க."

அதைப் பதிவு செய்ய நல்ல மைக் இருக்கிற போன் ஒன்று வேண்டும். வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் வந்து சொல்லுங்கள். குத்துப் பாட்டுக் கட்சிக்காரர்கள் பதில் எழுதுவதாக இருந்தால் அடுத்த மாத இதழில் முழு சார்ட்டே தருகிறோம். தயவுசெய்து பென்சிலில் வேண்டாம்.