லாரியை வீடாக்கப் போறீங்களா? முதல்ல எடை மேடைக்குப் போங்க!

எங்க வகுப்புப் பசங்களுக்குப் புதுசா ஒரு ஜுரம். பழைய லாரி ஒண்ணு வாங்கணுமாம். பின்னாடி பெட்டி கட்டி, உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வச்சு லடாக் போகணுமாம். எல்லாம் யூட்யூப் பண்ற வேலை. ஆசையில தப்பே இல்லை, எனக்கும் உண்டு. ஆனா அந்த வீடியோக்கள் சொல்லித் தர்ற வரிசை இருக்கே, அது சுத்தத் தலைகீழ். அதைத்தான் இன்னைக்குத் திட்டப் போறேன்.

வீடியோ எப்படி ஓடும்? முதல்ல பலகை அறுப்பாங்க. அப்புறம் சோலார், சீரியல் லைட்டு. கடைசியில மலை உச்சியில நின்னு காபி குடிப்பாங்க. சேஸிஸ் எப்படி இருக்கு, பெட்டியை அதுல எப்படிப் பிடிச்சிருக்கு, மொத்தம் எத்தனை கிலோ... இதுக்கெல்லாம் அரை நிமிஷம்கூட ஒதுக்க மாட்டாங்க. ரோட்டில உயிரைக் காப்பாத்தறது அந்த அரை நிமிஷம்தான் சாமி!

இந்தக் கலை ரொம்பக் காலமா செழிச்சு இருக்கிற ஊர் ஜெர்மனி. மூக்கு உருண்ட பழைய மெர்சிடிஸ் 911 லாரிகளை வாங்கி, வீடாக்கி, சஹாரா வரைக்கும் ஓட்டினவங்க அவங்க. (நமக்கும் அந்த மூக்கு அந்நியமில்லை. 1954ல டெல்கோவும் டைம்லர்-பென்ஸும் 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு, இங்கே ஓடினதும் அந்தக் குடும்பத்து லாரிதான்.) அங்கே பழைய கார் லைசன்ஸ் வச்சிருந்தா 7.5 டன் வரைக்கும் ஓட்டலாம். 1999ல இருந்து எடுத்த கார் லைசன்ஸுக்கு 3.5 டன்தான். அதனால அங்கே லாரியை வீடாக்குறவன் முதல்ல கையில எடுக்கிறது ரம்பத்தை இல்லை, கால்குலேட்டரை.

நாமும் கணக்குப் போடுவோம். 18 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு சுமார் 30 கிலோவைத் தாண்டும். பத்து ஷீட் போட்டா 300 கிலோ. தண்ணி 300 லிட்டர், அது ஒரு 300 கிலோ. டீசல் 300 லிட்டர், சுமார் 250 கிலோ. பேட்டரி, பாத்திரம், ஸ்டெப்னி, ஆளுங்க இன்னும் ஏறவே இல்லை. மொத்த எடை மட்டும் பார்த்தாலும் போதாது. தண்ணித் தொட்டியைப் பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி தள்ளி வச்சா, ஏத்தம் இறக்கம் மாதிரி முன்பக்கம் லேசாகும். அப்புறம் ஸ்டியரிங் திருப்பினா வண்டி திரும்பணுமே? முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் ரெண்டையும் தனித்தனியா எடை போடணும்.

உடனே ஒருத்தன் கேட்பான்: "அட, மணல் லாரில எவ்வளவு ஏத்துறான், இதெல்லாம் ஒரு கனமா?" மணல் லாரி சுமையை இறக்கிட்டு காலியாத் திரும்பும். உன் வீடு 24 மணி நேரமும் லோடோட நிக்கும். மணல் அடியில கிடக்கும். உன் அலமாரியும் ஏசியும் சோலாரும் தலைக்கு மேல. வளைவுல கவிழ்றது எதுன்னு நீயே யோசி.

அடுத்து முறுக்கு. திங்கிற முறுக்கு இல்லைங்க. லாரி சேஸிஸ்ங்கிறது ரெண்டு 'சி' சேனல், நடுவுல குறுக்குச் சட்டம், ஒரு ஏணி மாதிரி. ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா அந்த ஏணி முறுக்கும். முறுக்கணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்கான். நாம கட்டுற பெட்டியோ தீப்பெட்டி மாதிரி விறைப்பா இருக்கும். ரெண்டையும் இறுக்கிப் பிடிச்சா, மண் ரோட்டில கொஞ்ச நாள்லயே ஒண்ணு பெட்டி மூலை பிளக்கும், இல்லை சேஸிஸ்ல விரிசல் விழும்.

இதுக்கு வைத்தியம் உண்டு. நடுவுல ஒரு சப்-ஃபிரேம் போட்டு, மூணு புள்ளியிலயோ நாலு புள்ளியிலயோ சுழல்ற மாதிரி தாங்கலாம். அல்லது ஒரு முனையை இறுக்கி, மறு முனையை ஸ்பிரிங் போல்ட்டில் விடலாம். சேஸிஸ் சேனலின் மேல், கீழ் விளிம்புகள்ல மட்டும் ஓட்டை போடக் கூடாது. இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. லாரிக்குப் பாடி கட்டுற நாமக்கல்காரங்களுக்கும், போர்வெல் ரிக்கை லாரி மேல உட்கார வைக்கிற திருச்செங்கோட்டுக்காரங்களுக்கும் சேஸிஸ் மேல சுமையை உட்கார வைக்கிறது தினசரி வேலை.

"ஃபோர் வீல் டிரைவ் இல்லாம எப்படி?" சஹாரா மணலுக்கும் மழைச் சேத்துக்கும் அது வேணும், மறுக்கலை. ஆனா ஊர் சுத்தப் போறவன் பெரும்பாலும் ஓடுறது ரோட்டிலதான். அந்தக் காசை நல்ல டயர், நல்ல பிரேக், குறைஞ்ச எடைக்குப் போடு. பாதி இடத்துக்கு சாதாரண லாரியே போகும்.

இப்போ சட்டத்துக்கு வர்றேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரள வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செஞ்சுது. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, மாத்தினா ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்க ஒரு காரணமும் கிடைச்சிடும். வீடியோல இதைச் சொன்னாங்களா?

சட்டத்தின் நோக்கத்தோட எனக்குச் சண்டை இல்லை. கண்டபடி வெல்டிங் வச்ச வண்டி எதிர்ல வர்றவனையும் கொல்லும். என் கோபம் வேற. மோட்டார் கேரவனுக்குன்னு ஏ.ஐ.எஸ்-124 தரம் இருக்கு, ஆனா அது வகை ஒப்புதல் வாங்குற தயாரிப்பாளரை மனசில வச்சு எழுதினது. ஒரே ஒரு பழைய லாரியோட நிக்கிற ஆள் அந்த வாசல்ல நுழையிறது லேசில்லை. ஜெர்மனியில தனி ஆள் கட்டின வண்டியை அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் ஒருத்தர் நேர்ல பரிசோதிச்சு, சரியா இருந்தா கேம்பரா பதிவு பண்ண வழி இருக்கு. நம்ம சட்டமும் மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாத்தி அமைக்க வழி விட்டிருக்கே! அப்படியே இன்னொரு வாசலைத் திறக்கலாம்: ஆக்ஸில் வாரியா எடைச் சீட்டு, சப்-ஃபிரேம் வரைபடம், கேஸ் இணைப்புச் சோதனை, பிரேக் சோதனை. தேறினா பதிவு, தேறலைன்னா திருப்பி அனுப்பு.

வீடியோக்காரன் பாதுகாப்பைப் பத்திக் கேட்கவே மாட்டேங்கிறான். சட்டமோ, தனி ஆள் வந்தா பரிசோதிச்சுப் பார்க்காமலே 'கூடாது'ன்னு முடிச்சுடுது. 'இந்த வண்டி பத்திரமா?'ங்கிற ஒரே கேள்வியை ரெண்டு பேருமே தட்டிக் கழிக்கிறாங்க.

அதனால மக்களே, உங்க கட்டில் டிசைனை அப்புறம் காட்டுங்க. முதல்ல எடை மேடை சீட்டைக் காட்டுங்க, பேசலாம்.