மௌனம் மருந்தாகாது: பதகளிப்பு நோயும் தாய்மொழி உரிமையும்

நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால், தாயகத்தை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் கடந்த பின்னரும் நெஞ்சு பதறும் தமிழர்கள் இலண்டனில் வாழ்கின்றனர். மூச்சு முட்டுகிறது, நெஞ்சு இடிக்கிறது, உறக்கம் வருவதில்லை. இதயத்தைச் சோதித்த வைத்தியர் பழுதில்லை என்கிறார். வீட்டிலோ, "எல்லாம் வீண் யோசனை, கோயிலுக்குப் போய் வந்தால் சரியாகிவிடும்" என்ற பதிலே கிடைக்கிறது. வெளியில் தெரிந்தால் மகளின் திருமணம் தடைப்படும் என்ற அச்சம் வாயை அடைத்துவிடுகிறது.

இது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பதகளிப்பு என்னும் நோய். போர் விட்டுச்சென்ற உளவடுக்களை, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். அந்த வடுக்களோடு முடிவின்றி இழுபடும் அகதி விண்ணப்பமும், இரட்டை வேலையும், தனிமையும் சேரும்போது உடலே ஓலமிடத் தொடங்குகிறது.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவை 2008 இல் உளவியல் சிகிச்சைத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. 2023 முதல் 'டோக்கிங் தெரபீஸ்' என அழைக்கப்படும் இத்திட்டத்தில், குடும்ப வைத்தியரின் கடிதமின்றி நோயாளர் தாமே பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. 2011 இல் வெளியான நைஸ் நிறுவன வழிகாட்டி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை 12 முதல் 15 வரையான வாராந்த அமர்வுகளாக வழங்கப் பரிந்துரைக்கிறது. பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை நெருக்கடி வேளையில் குறுகிய காலத்துக்கு மட்டுமே அது அனுமதிக்கிறது. உறவினரிடம் இரவல் வாங்கும் தூக்க மாத்திரை சிகிச்சையாகாது.

ஆயினும் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? முதற்படியாக நோயாளர் கையில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்த சுய உதவிக் கைந்நூல். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தாய்க்கு அதனால் என்ன பயன்? பேச்சே மருந்தாக அமையும் சிகிச்சையில், பேசும் மொழியை மறுப்பது மருந்தையே மறுப்பதாகும்.

இதனினும் கொடிது, பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அமர்த்துவது. தடுப்பு முகாமில் தனக்கு நேர்ந்ததைத் தன் மகனின் வாயால் எந்தத் தாய் சொல்லுவாள்? அவள் சொல்லாமல் விடுவாள். வைத்தியர் தலைவலி மாத்திரை எழுதுவார். பிள்ளையோ தாயின் அச்சத்தைத் தானும் சுமந்து வீடு திரும்பும். நோயாளரிடம் மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் அறவிடலாகாது என்றும், குடும்பத்தினரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்றும் இங்கிலாந்து சுகாதார சேவையின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டி வலியுறுத்துகிறது. ஏட்டில் உள்ள இந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோர் எத்தனை பேர்?

மொழிபெயர்ப்பாளரும் தமிழர்தானே, கதை ஊரெல்லாம் பரவிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் இரகசியம் காப்பது தொழில்முறை மொழிபெயர்ப்பாளரின் கடமை. அறிமுகமானவர் வந்தால் வேறொருவரைக் கேட்கலாம். தொலைபேசி வழியாக வேற்றூரில் இருப்பவரைக் கேட்கலாம். பெண்ணுக்குப் பெண்ணே வேண்டும் என்றும் கேட்கலாம்.

ஆங்கிலம் கற்றுக்கொள்வதுதானே என்று கேட்போர், தம் துயரைக் கனவிலேனும் அந்நிய மொழியில் அழுததுண்டா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். கோயில் வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. வழிபாடு ஆறுதல் தரும். ஆறுதல் சிகிச்சைக்குத் துணையாகும், ஒருபோதும் ஈடாகாது.

தேர்த்திருவிழாவுக்கும் கலைவிழாவுக்கும் மண்டபம் நிறைக்கும் அமைப்புகள், ஆண்டில் ஒரு நாளாவது உளநலம் பற்றித் தமிழில் பேச மேடை அமைக்கட்டும். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர்களை நியமிக்குமாறு சுகாதார நிர்வாகங்களுக்கு எழுதட்டும். தமிழ்ப் பிள்ளைகள் உளவியல் கற்க ஊக்கமளிக்கட்டும். வைத்தியரிடம் செல்லும் ஒவ்வொருவரும் "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்ற மூன்று சொற்களை உறுதியாகச் சொல்லட்டும்.

குண்டுகளுக்குத் தப்பி வந்த உயிர்கள் மௌனத்துக்குப் பலியாகக் கூடாது.