அன்ஃபிட் என்ற ஒரு சொல்

 

சபர் புறப்படும் பிள்ளைக்காக வீட்டார் கூடி துஆ கேட்கும் நாள் ஒன்று உண்டு. அதற்கு முன்னதாக, அப்பிள்ளை தனியே நெஞ்சம் பதறிக் கழிக்கும் நாள் ஒன்றும் உண்டு. அதுவே ‘மெடிக்கல்’ நாள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர், அந்நாடுகள் ஏற்றுக்கொண்ட மையங்களில்தான் உடற்சோதனை செய்துகொள்ள வேண்டும். ‘காம்கா’ என்று நம் மக்கள் நெடுங்காலம் அழைத்துவந்த அந்த ஏற்பாடு, இன்று ‘வாஃபித்’ என்னும் பெயரில் கணினி வழியே நடைபெறுகின்றது. நெஞ்சின் எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர், மலம் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. காசநோய், ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி., மேகநோய் முதலியவை உண்டா என்று பார்க்கின்றார்கள். முடிவில் ஒரே ஒரு சொல்தான் வரும்: ‘ஃபிட்’ அல்லது ‘அன்ஃபிட்’.

அந்தச் சொல் விசாவோடு முடிந்துவிடுவதாகவே நாம் எண்ணுகின்றோம். முடிவதில்லை. பல ஆண்டுகள் கழித்து, கணவனை இழந்து நிற்கும் ஒரு பெண்ணின் கையில் அது மற்றொரு கடிதமாக வந்து சேரக்கூடும். அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் ஊர்களில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய ஒன்றை எண்ணிப் பாருங்கள். வாலிபர் ஒருவர் கடன் வாங்கி விசாவுக்குப் பணம் கட்டுகிறார். எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு தழும்பு தெரிகின்றது. அன்ஃபிட்! உம்மாவிடம் மட்டும் சொல்லுகிறார். ‘வெளியில் சொல்லாதே வாப்பா, நாளைக்குப் பெண் பேச வேண்டும்’ என்கிறார் உம்மா. சீட்டு அலமாரியின் அடியில் போகின்றது. சிகிச்சையும் அதோடு போகின்றது. உள்ளூரிலேயே கடை வைக்கிறார், திருமணமும் நடக்கின்றது. அறிமுகமான ஏஜெண்டு ஒருவர் ஆயுள் காப்பீட்டுப் படிவத்தோடு வருகிறார். ‘உடம்புக்கு ஒன்றுமில்லையே?’ என்று கேட்கிறார். ‘ஒன்றுமில்லை’ என்கிறார் இவர். எல்லா வினாக்களுக்கும் ‘இல்லை’ என்று ஏஜெண்டு நிரப்ப, இவர் கையெழுத்திடுகிறார். இரண்டாம் ஆண்டில் நோய் முற்றி, அல்லாஹ்வின் நாட்டப்படி ஒஃபாத்தாகிவிடுகிறார். மனைவி இத்தாவில் இருக்கிறார். நிறுவனம் விசாரிக்கின்றது. அலமாரிச் சீட்டு வெளியே வருகின்றது. பணம் வரவில்லை.

இங்கே குற்றவாளி யார்? நோயா? இல்லை. நோய் அல்லாஹ்வின் சோதனை. மறைத்ததுதான் குற்றம், அதன் சுமை மறைத்தவர் மீது விழவில்லை, ஒன்றும் அறியாதவள் மீது விழுந்தது.

சட்டம் என்ன சொல்லுகின்றது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாலிசி வழங்கப்பட்டு மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைக் காட்டியும் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. அம்மூன்று ஆண்டுகளுக்குள் மரணம் நேர்ந்து, முக்கியமான செய்தி மறைக்கப்பட்டது தெரியவந்தால் நிறுவனம் பணத்தை மறுக்கலாம். மோசடி நோக்கமின்றித் தவறாகக் கூறப்பட்டிருந்தால், கட்டிய பிரீமியத்தையேனும் 90 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மோசடி என்றாகிவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. அதைவிடக் கடினமான ஒன்றும் அப்பிரிவில் உண்டு. பாலிசிதாரர் உயிரோடு இல்லாதபோது, ‘மோசடி நடக்கவில்லை’ என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வாரிசின் தலையில் விழுகின்றது. கணவர் எந்த மையத்தில் என்ன சோதனை செய்தார் என்பதே தெரியாத பெண், எதை வைத்து மெய்ப்பிப்பாள்?

‘கம்பெனி டாக்டரே பார்த்து ஒப்புக்கொண்டாரே!’ என்று சிலர் கூறுவர். இந்த வாதம் 1962-லேயே உச்ச நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. தெரிந்தே பொய் விடை எழுதியிருந்தால், மருத்துவர் பார்த்தது அதை மெய்யாக்கிவிடாது. அண்மைய வழக்கு ஒன்றையும் கேளுங்கள். 2014 ஆகஸ்டில் பாலிசிக்கு விண்ணப்பித்த ஒருவர் அடுத்த மாதமே காலமானார். ஹெபடைட்டிஸ் சி நோய்க்காக அவர் மருத்துவமனையில் இருந்தது பிறகு வெளிப்பட்டது. நுகர்வோர் மன்றங்கள் தாயாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. ஆனால் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், உண்மையை மறைத்தது தவறே என்று அத்தீர்ப்பை நீக்கியது. வழக்கு நடக்கும்போதே நிறுவனம் தொகையைக் கொடுத்திருந்ததால், முதியவரான அத்தாயிடமிருந்து அதைத் திரும்ப வாங்க வேண்டாம் என்று மட்டும் கூறியது. அது நீதிமன்றம் காட்டிய இரக்கம். எல்லோரும் எதிர்பார்க்கக்கூடிய உரிமை அன்று.

இந்த இடத்தில் சிலர், ‘ஆயுள் காப்பீடே கூடாது என்கிறார்களே, அதில் உண்மை பேசுவது பற்றி என்ன பேச்சு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. வட்டியும், நிச்சயமற்ற பேரமும் கலந்த வணிகக் காப்பீடு ஆகாது என்று ஜித்தாவிலுள்ள அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1985-இல் தீர்மானித்தது; ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை மாற்றாகக் காட்டியது. மலேசியாவில் 1984-லேயே அதற்கென தகாஃபுல் சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில் இருப்பவர்கள் தத்தம் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதற்குத் தீர்ப்புக் கூறுவது இப்பகுதியின் வேலையன்று. ஆனால் பாலிசி எடுத்துவிட்டவரும், எடுக்கப் போகிறவரும், தகாஃபுலில் சேருகிறவரும் ஒன்றை மறக்கலாகாது: உடல்நிலையை உள்ளபடி கூறுவது மூவருக்கும் கடமையே.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். மழையில் நனைந்ததாக அந்த வியாபாரி கூறினார். நனைந்ததற்காக நாயகம் (ஸல்) அவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. நனைந்ததை மேலே வைத்து மக்கள் பார்க்கும்படி விற்காமல், அடியில் ஒளித்ததையே கண்டித்தார்கள். மெடிக்கல் சீட்டும் அப்படித்தான். மழை நம் கையில் இல்லை. குவியலை எப்படி வைப்பது என்பது நம் கையில் இருக்கின்றது.

‘உண்மையைச் சொன்னால் பாலிசியே கிடைக்காதே!’ என்ற அச்சம்தான் பலரையும் மறைக்கத் தூண்டுகின்றது. இந்த அச்சத்தில் பாதி, இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாக எண்ணிக் குழம்புவதால் வருவது. விசாவுக்கான சோதனை, ‘இவரை எங்கள் நாட்டுக்குள் அனுமதிக்கலாமா?’ என்று கேட்கின்றது. காப்பீட்டு நிறுவனமோ, ‘இவருடைய ஆயுளுக்கு எவ்வளவு ஆபத்து உண்டு?’ என்று கேட்கின்றது. முதற்கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். இரண்டாவதற்கு நடுவில் பல படிகள் உண்டு: வழக்கமான பிரீமியம், கூடுதல் பிரீமியம், சில காலம் கழித்து வரச் சொல்லுதல், மறுத்தல். ஆறிப்போன காசநோய்த் தழும்பு விசாவுக்குத் தடையாகலாம். அதே தழும்பு, சிகிச்சை முடிந்ததற்கான சான்றோடு வரும்போது காப்பீட்டுக்குத் தடையாக வேண்டும் என்பதில்லை. கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கிய மெய்யான பாலிசி, குறைந்த பிரீமியத்தில் வாங்கிய பொய்ப் பாலிசியைவிட எத்தனையோ மேலானது.

எச்.ஐ.வி. பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், தக்க காப்பீட்டுக் கணக்கியல் ஆதாரமின்றி, எச்.ஐ.வி. உள்ளவர் என்பதற்காகவே காப்பீட்டை மறுப்பதைத் தடை செய்துள்ளது.

அன்ஃபிட் என்று வந்துவிட்டால் செய்ய வேண்டியவை என்ன?

முதலாவது, சீட்டை ஒளிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அது நோயின் முடிவான தீர்ப்பன்று. மேற்கொண்டு பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் சளிச் சோதனை செய்ய வேண்டும்; பழைய எக்ஸ்ரே இருப்பின் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி என்றால், இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது மட்டும் கிருமி இருப்பதற்குச் சான்றாகாது. குணமானவர்களுக்கும் அது இருந்துகொண்டே இருக்கும். கிருமியையே கண்டறியும் ஆர்.என்.ஏ. சோதனை வேண்டும். அந்நோய்க்கு இன்று பெரும்பாலும் 12 வாரங்களில் குணமளிக்கும் மாத்திரைகள் உண்டு. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் 2018-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை உண்டு. காசநோய் மருந்தும் அவ்வாறே இலவசம்; சாதாரண வகையாயின் ஆறு மாதங்களில் முடிந்துவிடும்.

இரண்டாவது, சிகிச்சைச் சான்று, சோதனை முடிவுகள் யாவற்றையும் ஒரு கோப்பில் பத்திரப்படுத்துங்கள். காப்பீட்டுப் படிவத்தோடு அவற்றின் நகலை இணையுங்கள்.

மூன்றாவது, படிவத்தை நீங்களே நிரப்புங்கள். அல்லது ஒவ்வொரு வினாவையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏஜெண்டு எழுதினாலும் கையெழுத்து உங்களுடையது. ஹெபடைட்டிஸ் பி அல்லது எயிட்ஸ் தொடர்பாகச் சோதனை செய்ததுண்டா என்ற வினாவும் படிவங்களில் இருப்பதுண்டு. மெடிக்கலில் ஃபிட் ஆனவர்கூட, ‘ஆம், வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்தேன், நோய் இல்லை என்று முடிவு வந்தது’ என்று எழுதுவதே சரியான விடை.

நான்காவது, விண்ணப்பித்த பின், பாலிசி கைக்கு வருமுன் மெடிக்கலில் அன்ஃபிட் ஆனால், அதையும் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். இடைக்காலத்தில் உடல்நிலையில் நேரும் மாற்றத்தைத் தெரிவிக்கும் கடமை உண்டு.

ஐந்தாவது, சபராளிகளுக்கு மிக முக்கியமானது. அக்கரையில் இருக்கும்போது பிரீமியம் கட்டத் தவறிப் பாலிசி காலாவதியாவது சாதாரணம். ஊர் வந்து அதைப் புதுப்பிக்கும்போது உடல்நல உறுதிமொழி கேட்கப்படலாம். அதிலும் உண்மையையே எழுதுங்கள். மேற்கூறிய மூன்று ஆண்டுக் கணக்கு, புதுப்பித்த நாளிலிருந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றது. பத்தாண்டுப் பழைய பாலிசிதானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

ஆறாவது, பாலிசிப் பத்திரம் வந்ததும் இணைப்பாக உள்ள படிவ நகலைப் படியுங்கள். நீங்கள் சொல்லாதது எழுதப்பட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பாலிசி பிடிக்கவில்லையெனில் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு. நியாயமின்றிப் பணம் மறுக்கப்பட்ட குடும்பத்தார், முதலில் நிறுவனத்துக்கே எழுதி முறையிட வேண்டும். அங்கே தீராவிட்டால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

இறுதியாக, பெற்றோர்களுக்கும் மஹல்லாவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் மறைப்பது நிறுவனத்துக்கு அஞ்சியன்று, நமக்கு அஞ்சியே! ‘அவனுக்கு டி.பி.யாம்’ என்று கடைத் திண்ணையில் நாம் பேசும் பேச்சுக்கு அஞ்சியே அந்த உம்மா சீட்டை அலமாரியில் வைத்தார். இத்தனைக்கும், காசநோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியதே நம் சென்னை மாநகர்தான். 1950-களின் பிற்பகுதியில் இங்கு நடந்த ஆய்வில், வீட்டிலிருந்து மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் முன்னரே மருத்துவம் கைவிட்ட அச்சத்தை நாம் மட்டும் ஏன் சுமந்துகொண்டிருக்க வேண்டும்?

இன்று மஃரிபுக்குப் பின் உங்கள் வீட்டுப் பிள்ளையை அருகில் அழைத்து அமர்த்தி, ‘மெடிக்கலில் என்ன சொன்னார்கள் வாப்பா?’ என்று அன்போடு கேளுங்கள். கோபிக்காமல் கேளுங்கள். சகோதரிகளே, உங்கள் கணவரின் பாலிசிப் பத்திரம் எங்கே இருக்கின்றது, அதில் என்ன எழுதியிருக்கின்றது என்பதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் ஹக்கு. அலமாரியின் அடியில் கிடக்கும் சீட்டு ஒன்று இன்று வெளியே வருமானால், அது ஒரு வாலிபரின் உயிரையே காக்கலாம். காக்க முடியாதபோதும், அவருடைய பிள்ளைகள் பிறரிடம் கையேந்தாமல் காக்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், நம் நாவுகளுக்கு உண்மையையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.