பூட்டிய வட்டு

விலை கொடுத்து வாங்கிய நூலைத் திறந்து படிக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டோ இல்லையோ என்று எவரேனும் வினவுவராயின் நாம் நகைப்போம். நூலின் அட்டைக்குப் பூட்டிட்டு, அப்பூட்டின் திறவுகோலைச் சில திங்களுக்கொருமுறை மாற்றி, புதிய திறவுகோலுக்குப் புதிய விலையும் கேட்கும் புத்தக வியாபாரி ஒருவர் இருப்பாராயின், அவர் கடையில் எவரும் மறுமுறை அடியெடுத்து வையார். ஆனால் ப்ளூ-ரே எனப்படும் உயர்தெளிவு ஒளிவட்டின் திறத்தில் இஃது அன்றாட நிகழ்ச்சியாயிருக்கின்றது. அவ்வட்டை மடிக்கணினியில் இட்டுப் பார்க்க முயன்று தோற்றவர் நம் மாணவரிலும் ஆசிரியரிலும் பலர். பழைய மாணவரில் இன்னும் பலர். தோற்றவர் ஒவ்வொருவரும் குற்றம் தம்முடையதே என்றெண்ணி நாணுகின்றனர். அந்நாணம் வேண்டுவதன்று என்பதே என் கட்சி.

யாவும் இணையத்தின் வழியே வீடு தேடி வரும் இக்காலத்தில் வட்டு எதற்கு என்று இளைஞர் கேட்பர். கேள்வி நியாயமே. எனினும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள பழைய இல்லங்களின் அலமாரிகளைத் திறந்து பார்ப்பவர்க்கு விடை தானே விளங்கும். கபாலீசுவரர் கோயிற் பக்கத்துக் கிரி டிரேடிங் கடையில் வாங்கிய கச்சேரி வட்டுகளும் உபந்நியாச வட்டுகளும் அங்கே அடுக்கடுக்காய் இருக்கும். பம்பாய் ஜெயஸ்ரீ, டி. எம். கிருஷ்ணா ஆகிய இருவரும் பாடிய கச்சேரியை ஜெயேந்திரா அவர்கள் இயக்க, பி. சி. ஸ்ரீராம் அவர்கள் ஒளிப்பதிவு செய்ய, 'மார்கழி ராகம்' என்னும் திரைப்படமாக 2008-ஆம் ஆண்டில் ஆக்கியதை இசைப் பிரியர்கள் மறந்திரார். 2015-இல் இயக்குநர் சேரன் அவர்கள் 'சினிமா டு ஹோம்' என்னும் ஏற்பாட்டின் வாயிலாகத் தம்முடைய 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை டிவிடி வட்டாக நேரே வீடுகளுக்கு விற்கத் துணிந்தார். இணையத்தளம் ஒன்று தன் உரிமத் தவணை முடிந்த நாளில் ஒரு படத்தைச் சொல்லாமலே அகற்றிவிடும். அலமாரியிலுள்ள வட்டை அங்ஙனம் அகற்றுவார் இலர். ஆதலின் வட்டைப் போற்றுவோரைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுதல் தகாது.

இனி, வட்டு ஏன் ஓடுவதில்லை? முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய சிடி வட்டை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி படித்தது. டிவிடியை 650 நானோமீட்டர் செவ்வொளி படிக்கின்றது. ப்ளூ-ரே வட்டைப் படிப்பதோ 405 நானோமீட்டர் நீலவூதா ஒளி. ஒளியலை குறுகக் குறுக அதன் கூர்மை மிகும். கூர்மை மிகவே, அதே பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டில் ஓர் அடுக்குக்கு 25 ஜிகாபைட் அடங்கிற்று. ஆகவே டிவிடி டிரைவ் மட்டும் உள்ள மடிக்கணினியில் ப்ளூ-ரே வட்டை இட்டால், கணினி வெற்று வட்டு என்று சொல்லும், அல்லது வட்டே இல்லையென்று சாதிக்கும். இதனை எத்துணை மென்பொருளாலும் திருத்த இயலாது. கண்ணில்லாதவனுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுப்பது போன்றதே அம்முயற்சி. டிரைவின் முகப்பில் ப்ளூ-ரே முத்திரை உண்டா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் அரைநாள் கழிப்போரை யான் அறிவேன்.

இக்கால மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் டிரைவே கிடையாது. வெளியே இணைக்கும் டிரைவை ரிச்சி தெருவில் வாங்கி வந்து யு.எஸ்.பி. துளையிற் செருகுகின்றோம். பழைய யு.எஸ்.பி. 2 துளை தரும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், யு.எஸ்.பி. 3 தருவது 900. வட்டைச் சுழற்றவும் லேசரை ஏற்றவும் முன்னது போதாமற் போவதுண்டு. வட்டு சுழலத் தொடங்கிக் கிர்ரென்று ஓசையிட்டு நின்றுவிடுமாயின், முதலில் ஐயுற வேண்டியது மின்சாரத்தையே. நடுவில் உள்ள பல்துளைப் பெட்டியை நீக்கி, டிரைவை நேரே கணினியில் செருகி, கணினியையும் மின்னிணைப்பில் வைத்துப் பார்த்தல் வேண்டும். படம் ஓடினும் இடையிடையே தத்தித் தத்திச் செல்லுமாயின் அதற்கும் மின்சிக்கனமே பல சமயம் காரணம். டிவிடி நொடிக்குப் பத்து மெகாபிட் அளவே கேட்க, ப்ளூ-ரே ஐம்பத்து நான்கு வரை கேட்கும். பாட்டரியில் அரைத்தூக்கமாய் இயங்கும் கணினிக்கு அஃது அதிகச் சுமை.

சென்னையின் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடையாறு, பெசன்ட் நகர், சாந்தோம் வாசிகளுக்கு உப்புக்காற்றின் குணம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. குளிரூட்டிய அறையிற் பலமணி நேரம் இருந்த டிரைவை வெளிக்கூடத்துப் புழுக்கத்திற்குக் கொண்டு வந்த மாத்திரத்தே ஓட்டினால், லேசர்க் கண்ணாடியில் பனி படிந்து வட்டு படிக்கப்படாது. சிறிது பொறுத்திருந்து ஓட்டினால் ஓடும். வட்டைத் துடைக்குங்கால் மென்துணி கொண்டு நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். சுழற்றிச் சுழற்றித் துடைத்தல் கூடாது. கீறல் விழுந்த சிடி வட்டை மெருகிட்டுக் கொடுத்த கடைகளை நம்மிற் சிலர் நினைவில் வைத்திருப்பர். ப்ளூ-ரே வட்டை அத்தகைய மெருகுக்குக் கொடுக்கவே கூடாது. சிடியில் தகவலடுக்கு 1.2 மில்லிமீட்டர் ஆழத்திலும் டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் ஆழத்திலும் இருக்க, ப்ளூ-ரே வட்டில் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரிலேயே உள்ளது. அதைக் காப்பதற்கென்று பூசிய கடும்பூச்சை மெருகுக்கல் தேய்த்துவிடின் பின்னர் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இதுவரை கூறியவை இயற்கையின் குறைகள். இவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இனிக் கூறப்போவன மனிதர் வேண்டுமென்றே வைத்த தடைகள்.

டிரைவும் சரி, வட்டும் சரி, மின்சாரமும் சரி. ஆயினும் படம் வாராது. ஏனெனில் ப்ளூ-ரே வட்டை ஓட்டும் மென்பொருளை விண்டோஸ் எக்காலத்தும் தன்னுடன் சேர்த்துத் தந்ததில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலாக டிவிடி ஓட்டும் வசதியையும் பொதுப்பதிப்பிலிருந்து எடுத்துவிட்டனர். ஆப்பிள் நிறுவனத்தாரும் தம் கணினிகளில் ப்ளூ-ரேயைச் சேர்த்தாரில்லை. அதன் உரிம ஏற்பாடு மிகச் சிக்கலானது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2008-இல் வெளிப்படையாகவே குறைகூறினார். ஆகவே பவர் டிவிடி போன்ற மென்பொருளைத் தனியே விலைக்கு வாங்க வேண்டும். வாங்கினாலும் முடிந்ததா? வட்டின் உள்ளடக்கம் ஏ.ஏ.சி.எஸ். என்னும் மறையெழுத்தாற் பூட்டப்பட்டுள்ளது. பிளேயர் ஒவ்வொன்றிலும் ஒரு திறவுகோல் உண்டு. எங்கேனும் ஒரு திறவுகோல் களவு போயிற்று என்று தெரிந்தால், பின்னர் அச்சிடும் வட்டுகள் அதனைச் செல்லாததாக்கிவிடும். மென்பொருளின் திறவுகோலோ களவு போகாவிடினும் தவணை முறையில் மாற்றப்படுகின்றது. அதனாற்றான் சென்ற ஆண்டு வரை நன்றாய் ஓட்டிய மென்பொருள், இவ்வாண்டு வாங்கிய வட்டைக் கண்டதும் 'புதுப்பித்துக் கொள்க' என்கிறது. புதுப்பிப்பை நிறுவனத்தார் நிறுத்திவிட்டாலோ புதிய பதிப்பையே வாங்க வேண்டும். யாவரும் நம்பியிருக்கும் வி.எல்.சி. என்ற இலவசப் பிளேயர் இப்பூட்டைத் தானே திறவாது. திறவுகோல் அதனிடம் இல்லை.

தியாகராய நகரில் ஒரு சங்கத்தார் நடத்திய திரையிடலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். மடிக்கணினித் திரையில் படம் அழகாய்த் தெரிந்தது. பிரொஜெக்டரை இணைத்தவுடன் இருண்டது. இணைப்பை நீக்கினால் தெரிந்தது. இணைத்தால் மறுபடி இருள். அழைக்கப்பட்டு வந்த பெரியவர்கள் விசிறிக்கொண்டு அமர்ந்திருக்க, இளைஞர் நால்வர் ஒரு மணி நேரம் கேபிளோடு மல்லாடினர். காரணம் பின்னர்த் தெரிந்தது. பழைய நீலமுனை வி.ஜி.ஏ. கேபிள் வழியே செல்வது பூட்டிட முடியாத அலைவடிவக் குறிப்பு. 2010-ஆம் ஆண்டுக்குப் பின் செய்யப்பெறும் பிளேயர்கள் அவ்வழியில் தெளிவைக் குறைத்தே அனுப்ப வேண்டும், 2013-க்குப் பின் அறவே அனுப்பலாகாது என்று ஏ.ஏ.சி.எஸ். உரிமக்காரர் விதித்திருக்கின்றனர். எச்.டி.எம்.ஐ. கேபிளிலோ எச்.டி.சி.பி. என்னும் கைகுலுக்கல் நிகழ வேண்டும். நடுவில் ஒரு மலிவான மாற்றி முனை இருந்தாலும் அது கெடும். எனவே மண்டபத்திற் காட்ட விரும்புவோர் எச்.டி.எம்.ஐ. கேபிளை நேரே பிரொஜெக்டரிற் செருகி, மற்றத் திரையை அணைத்துவிட்டு, முந்தின நாளே ஒத்திகை பார்த்துக்கொள்வது நலம்.

வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர்கள் அன்போடு அனுப்பும் வட்டுகளுக்கு வேறொரு தடை. உலகை மூன்று வட்டாரமாகப் பிரித்து, அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் முதலியவற்றை 'ஏ' என்றும், ஐரோப்பா, ஆஸ்திரேலியா முதலியவற்றை 'பி' என்றும், இந்தியா, சீனா, ருஷியா முதலியவற்றை 'சி' என்றும் குறித்தனர். பூமியைக் கூறுபோட்டு விற்கும் இவ்வணிகத் தந்திரத்தை நான் எவ்வாற்றானும் ஆதரிக்க இயலாது. உறையின் பின்புறத்தில் எழுத்தைப் பார்த்து வாங்குக என்பதன்றி வேறு வழியுமில்லை. பல வட்டுகளில் மூன்று எழுத்தும் சேர்ந்தே இருக்கும். 4-கே எனப்படும் புதுவகை வட்டுகளில் இத்தடை கிடையாது.

ஆனால் அப்புதுவகை வட்டுகளின் கதையோ இன்னும் விசித்திரம். அவற்றைக் கணினியில் ஓட்ட எஸ்.ஜி.எக்ஸ். என்னும் மறைவறை செயலியிலேயே இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். இண்டெல் நிறுவனம் அதனை ஏழாம் தலைமுறை முதலிய சில செயலிகளில் வைத்தது. பின்னர்ப் பதினொன்றாம், பன்னிரண்டாம் தலைமுறைகளில் எடுத்துவிட்டது. ஆதலின் நேற்றைய மடிக்கணினியில் ஓடும் வட்டு, அதைவிட வலிமை மிக்க இன்றைய மடிக்கணினியில் விதிப்படி ஓடாது. புதியது வாங்கினால் தீரும் என்று நம்பிப் பணம் செலவழிப்பவர் இதைக் கவனிப்பாராக.

மறுபக்கத்தையும் கூறாதொழிவது நேர்மையன்று. நம் சென்னையில் திருட்டு வட்டால் படமெடுப்போர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. அதனாலன்றோ 2004-இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரரையும் சேர்த்தது? பல ஆண்டு உழைப்பை நடைபாதையில் சில ரூபாய்க்கு விற்பதைக் கண்ட தயாரிப்பாளர் பூட்டை நாடியதில் வியப்பில்லை. ஆயினும் அப்பூட்டு யாரைத் தடுத்தது? நடைபாதை வட்டு எந்தக் கணினியிலும் தடையின்றி ஓடிற்று. முழுவிலை கொடுத்தவனுடைய வட்டே திறவுகோல் கேட்டது. கள்வனுக்குத் திறந்தும் வீட்டுக்காரனுக்கு மூடியும் இருக்கும் கதவைச் செய்த தச்சனை நாம் மெச்சுவதில்லை.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் அயல்நாட்டுச் சட்டத்தினும் மென்மையானது என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைத் தாண்டுவதையே பெரும்பாலும் குற்றமாக்கியது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவோ, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டைத் தாண்டுபவனுக்கே தண்டனை என்கிறது. சட்டம் தடுக்காத நோக்கத்திற்காகத் தாண்டுதல் அதன்படி குற்றமன்று. பிறருக்காக அவ்வாறு செய்து கொடுப்பவர் அவர் பெயர் முதலியவற்றைக் குறிப்பேட்டிற் பதிய வேண்டும் என்பதே நிபந்தனை.

ஆனால் நூலகங்களின் திறத்தில் அதே 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓர் ஓட்டையை விட்டுவிட்டது. இலாபநோக்கமற்ற பொதுநூலகம் ஒரு படைப்பைக் காப்பதற்காக மின்வடிவிற் சேமிக்கலாம் என்று 52-ஆம் பிரிவு கூறுகின்றது, எப்பொழுது? மின்வடிவம் அல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருந்தால். அச்சுநூலைக் காக்கலாம், அழியும் ஒளிவட்டுக்கு இவ்வாசகம் இடம் தரவில்லை. கன்னிமாரா நூலகத்திற்கு நூல்கள் வந்து சேரச் செய்யும் 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் நூல்களையும் பத்திரிகைகளையும் பற்றியதேயன்றி வட்டுகளைப் பற்றியதன்று. ஓலைச்சுவடிகளைக் கரையானுக்கும் வெள்ளத்திற்கும் கொடுத்துவிட்டுப் பின் அழுத இனம் நாம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்ட பொழுது கோட்டூர்புரத்து வீடுகளில் நனைந்தவை நூல்கள் மட்டுமல்ல. அச்சட்ட வாசகத்தில் ஒரு சொல்லைத் திருத்தும்படி நூலக சங்கங்களும் கல்லூரிகளும் விண்ணப்பிப்பது அவசியம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பானேன்? நம் கல்லூரி நூலகம் தொலைக்காட்சியோடு இணைக்கும் தனி ப்ளூ-ரே பிளேயர் ஒன்றை வாங்கி வைத்தல் வேண்டும். அதில் எஸ்.ஜி.எக்ஸ். தொல்லையில்லை, ஆண்டுக்கொரு மென்பொருள் விலையில்லை. வாங்குவதைத் தள்ளிப்போடலாகாது. பதிவு செய்யும் ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு சோனி நிறுவனம் நிறுத்திவிட்டது. பிளேயர் செய்வோரும் ஒருவர் பின் ஒருவராய் விலகி வருகின்றனர். பழைய மாணவர் சங்கத்தார் இவ்வாண்டு நன்கொடையில் இதற்கென ஒரு பகுதியை ஒதுக்குவராயின், கருவியுடன் ஒரு நீண்ட எச்.டி.எம்.ஐ. கேபிளும் சேர்த்து வாங்கும்படி வேண்டுகிறேன்.