கப்பலுடைய மணி

கடலில் கப்பல்கள் மோதிக்கொள்வதைத் தடுக்க 1972இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகள் 1977 ஜூலை 15 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் 35ஆம் விதி, மூடுபனியாலோ பெருமழையாலோ பார்வை மங்கும்போது எழுப்பவேண்டிய ஒலிகளைக் கூறுகிறது. நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் ஒரு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஏறத்தாழ 5 வினாடி மணியை விரைந்து அடிக்கவேண்டும்; நீளம் 100 மீட்டரோ அதற்கு மேலோ இருப்பின், அணியம் எனப்படும் முன்பகுதியில் மணி ஓய்ந்ததும் பின்பகுதியில் சேகண்டி, அதாவது தட்டி ஒலிக்கும் உலோகத் தட்டு, முழங்கவேண்டும். இரண்டின் நாதமும் ஒன்றோடொன்று மயங்கக்கூடாது என்பதும் விதியே ஆதலால், கண்ணுக்குத் தெரியாத கப்பல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காது அறிந்துகொள்கிறது. அதே ஒலியைத் தரும் வேறு கருவிக்கு இசைவளிக்கும் இவ்விதிகள், கையால் ஒலிக்கும் வழி எப்போதும் இருந்தாகவேண்டும் என்று வற்புறுத்துவது மிகச் சரியான முடிவாகும்.

கப்பல் மணியை வரவேற்பறை அலங்காரமாக்கும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. மரம் மட்கி இரும்பு துருவேறிய பின்னும் வெண்கலம் நிலைப்பதால், பெயர் பொறித்த மணியே பல கப்பல்களுக்கு இறுதிச் சான்றாக எஞ்சுகிறது. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், தே பாப்பா அருங்காட்சியகத்துக்கு உரிய உடைந்த மணி அத்தகையது. ஏறத்தாழ 1836இல், சமயப் பணியாளரும் அச்சாளருமான வில்லியம் கொலென்சோ, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டு, இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதைப் பெற்றார். முகைதீன் பக்சு என்னும் பெயரைக் கூறி, அக்கப்பலுடைய மணி இது என்று அறிவிக்கும் பழைய தமிழ் எழுத்துகள் அதன் விளிம்பைச் சுற்றி ஓடுகின்றன. அப்பெயர், சோழமண்டலக் கரையின் முஸ்லிம் கடல்வணிக மரபை நினைக்கச் செய்கிறது. கப்பலே அங்குச் சென்றதா, மணி மட்டும் கைமாறிச் சேர்ந்ததா என்பது முடிவாகாத நிலையில், தமிழர் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தனர் என்று முழங்குவோர் அந்த மணிக்குப் பெருமை சேர்க்கவில்லை. பெயரறியாத தமிழ்க் கன்னார் ஒருவர் எழுத்தோடு வார்த்த கருவி பெருங்கடலைக் கடந்து பிழைத்தது என்பதே போதுமான பெருமை. அதன் நேர்படி ஒன்றை வெண்கலத்தில் வார்த்து, நாகப்பட்டினத்திலோ காயல்பட்டினத்திலோ பள்ளிப் பிள்ளைகள் தொட்டு ஒலிக்கும்படி வைக்கத் தமிழக அரசு முன்வரவேண்டும்.