வண்டி நின்னாலும் மீட்டர் ஓடுது! டிரெய்லர் ஓனர்களை உலுக்கும் ‘டன்’ வருமானம்

திருவொற்றியூர்: வண்டி ஓடினால்தான் வருமானம். இது டிரெய்லர்காரர் கணக்கு. வண்டி ஓடினாலும் நின்னாலும் வருமானம் உண்டு. இது இன்கம்டாக்ஸ் கணக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவில் மாட்டி முழிக்கிறார்கள் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் சொந்தமாக ஒன்று, இரண்டு டிரெய்லர் வைத்து பிழைப்பவர்கள்.

டீசல் பில்லு, டயர் பில்லு, டிரைவர் பேட்டா, எப்.சி. செலவு, இன்சூரன்ஸ், பைனான்ஸ் டியூ என்று எல்லாத்தையும் பையில் கட்டிக்கொண்டு ஆடிட்டர் ஆபீசுக்கு போகிறவர்கள் உண்டு. போனதும் அங்கே கேட்கிற முதல் கேள்வி, ‘ஆர்.சி.யில் வண்டி எடை எவ்வளவு?’ என்பதுதான். பில்லு பை அப்படியே ஓரமாகப் போய்விடும்.

எடைக்கு எடை வருமானம்

காரணம் வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு. சரக்கு வண்டி 10 வரை வைத்திருப்பவர்களுக்காக வந்த பிரிவு இது. கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம், பில் காட்ட வேண்டாம். மொத்த எடை 12 டன்னுக்கு மேல் உள்ள வண்டி என்றால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். அதற்கு கீழே என்றால் வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய். இதுதான் உங்க வருமானம் என்று சட்டமே சொல்லிவிடும். நிஜமாகவே இதைவிட கூடுதலாக சம்பாதித்து இருந்தால் அந்த கூடுதல் தொகையைத்தான் காட்டணும். இதை பலரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

40 டன் டிரெய்லர் ஒன்று இருக்கிறது என்று வைப்போம். மாதம் 40 ஆயிரம். வருஷத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். 55 டன் வண்டி என்றால் வருஷம் 6 லட்சத்து 60 ஆயிரம். காசிமேட்டில் மீன் ஏத்துகிற குட்டி யானைக்கு வருஷம் வெறும் 90 ஆயிரம்தான்.

இந்த தொகைக்குள்ளேயே டீசல், டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ், தேய்மானம், கடன் வட்டி எல்லாம் கழித்தாகிவிட்டது என்பது சட்டத்தின் கணக்கு. மறுபடி தனியாக ஒரு பைசா கழிக்க முடியாது. அதனால்தான் பில்லு பைக்கு அங்கே மரியாதை இல்லை.

ஜீரோ கேட் வரிசை

வடசென்னைக்கு என்று ஒரு தனி வேதனை இதில் இருக்கிறது. துறைமுகம் ஜீரோ கேட்டில் ஆரம்பிக்கிற கன்டெய்னர் வரிசை காசிமேடு, திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் விரைவு சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட நாட்களை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கிற வண்டிக்கு டிரிப் கிடையாது. ஆனால் டிரைவருக்கு சாப்பாட்டு காசு கொடுத்தாகணும், டியூ தேதியும் நிற்காது.

துறைமுகத்தில் இருந்து மதுரவாயலுக்கு பறக்கும் சாலை வந்தால் இந்த வரிசை குறையும் என்று சொல்லி 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012ல் வேலை நின்றது. 2022 மே 26ம் தேதி பிரதமர் மோடி, அதே வழித்தடத்துக்கு இரண்டடுக்கு சாலையாக மறுபடி அடிக்கல் நாட்டினார். ரெண்டு அடிக்கல்லுக்கும் நடுவில் 13 வருஷம் போய்விட்டது. அந்த 13 வருஷமும் டிரெய்லர்கள் ரோட்டில்தான் நின்றன.

டன் கணக்குக்கு இந்த காத்திருப்பு எல்லாம் தெரியாது. எத்தனை டிரிப் அடித்தாய் என்று அது கேட்காது. எத்தனை மாதம் வண்டி உன் பெயரில் இருந்தது என்று மட்டும்தான் கேட்கும். பட்டறையில் மூணு மாதம் கிடந்தாலும் மூணு மாதமும் சேரும். 28ம் தேதி வண்டி எடுத்தாலும் அந்த முழு மாதமும் சேரும். டியூ முடியாத வண்டியாக இருந்தாலும் ஓனர் நீங்கள்தான், பைனான்ஸ்காரர் இல்லை.

2018ல் விழுந்த இடி

முன்பு இப்படி இல்லை. 2018 மார்ச் வரை சின்ன வண்டி, பெரிய வண்டி எல்லாத்துக்கும் மாதம் 7,500 ரூபாய்தான். 40 டன் டிரெய்லருக்கும் வருஷம் 90 ஆயிரம். அப்போது வரி இல்லாத எல்லை 2.5 லட்சம். ஒரு வண்டிக்காரர் ரிட்டர்ன் பக்கமே போக வேண்டியதில்லை.

2018 பட்ஜெட்டில் மத்திய நிதி மந்திரி அருண் ஜெட்லி டன் கணக்கை கொண்டு வந்தார். சின்ன ஓனர்களுக்கான சலுகையை பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் அனுபவிக்கிறார்கள் என்பது அரசு சொன்ன காரணம். 90 ஆயிரம் ஒரே வருஷத்தில் 4.8 லட்சம் ஆனது. அந்த வருஷம் கழிவு எதுவும் இல்லாத ஒற்றை டிரெய்லர்காரர் 11 ஆயிரத்து 960 ரூபாய் கட்ட வேண்டி வந்தது.

அந்த ஆண்டு ஜூலை 20ம் தேதி தொடங்கி 8 நாள் நாடு முழுக்க லாரி ஸ்டிரைக் நடந்தது. டீசல் விலை, டோல்கேட் பற்றி எல்லாரும் பேசினார்கள். 44ஏஇ கணக்கை சரி பண்ணணும், துறைமுகத்தில் கன்டெய்னர் நேரடி டெலிவரிக்கான டெண்டர் முறையை எடுக்கணும் என்பதும் அதே கோரிக்கை பட்டியலில் இருந்தது. டன் கணக்கு மாறவில்லை. இன்னமும் அதே ஆயிரம் ரூபாய்தான்.

ஒரு வண்டிக்கு பயம் வேண்டாம்

மாறியது வேறு பக்கம். 2025 ஏப்ரல் 1ம் தேதிக்கு பிறகு வந்த வருமானத்துக்கு, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி கிடையாது. ஒரு 40 டன் வண்டிக்கு 4.8 லட்சம், ரெண்டுக்கு 9.6 லட்சம். வேறு வருமானம் இல்லாவிட்டால் ரெண்டுமே வரிக்கு வெளியே.

சிக்கல் அதற்கு மேலே. மூணாவது 40 டன் வண்டி எடுத்தால் 14.4 லட்சம். வரி, செஸ் சேர்த்து 99 ஆயிரத்து 840 ரூபாய். ரெண்டே வண்டிதான், ஆனால் ரெண்டும் 55 டன் என்றால்? 13.2 லட்சம். வரி 81 ஆயிரத்து 120 ரூபாய். பெரிய வண்டி எடுக்கும்போது ஷோரூமில் லோடு கணக்கு சொல்வார்கள், மைலேஜ் சொல்வார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

மூணாவது வண்டியை பொண்டாட்டி பெயரில் போட்டுவிடலாம் என்று புரோக்கர்கள் யோசனை சொல்வது உண்டு. புருஷன் பணத்தில் வாங்கிக் கொடுத்த சொத்தின் வருமானத்தை புருஷன் கணக்கிலேயே சேர்க்க சட்டத்தில் இடம் இருக்கிறது. உஷார்.

பில்லு பை எப்போது உதவும்?

நிஜ வருமானம் டன் கணக்கைவிட குறைவு என்றால் அதையும் காட்டலாம். ஆனால் முறையாக கணக்குப் புத்தகம் எழுதி, ஆடிட்டரிடம் தணிக்கை வாங்கணும். அதற்கு பீஸ் ஆகும். அதனால் ஒரு வண்டிக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை.

வரிக்குள் வருகிறவர்கள் கட்டாயம் யோசிக்கணும். வாடகைக்கு ஓடும் லாரிக்கு தேய்மானம் வருஷத்துக்கு 30 சதவீதம். 40 லட்சத்துக்கு புது வண்டி எடுத்து 180 நாளாவது ஓட்டியிருந்தால் முதல் வருஷமே 12 லட்சம் கழியும். கடன் வட்டி தனியாக கழியும். கணக்கில் நஷ்டமே வரலாம். கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் அந்த நஷ்டத்தை அடுத்த 8 வருஷம் வரை லாபத்தில் கழிக்கலாம். டியூ முடிந்த பழைய வண்டிக்கு டன் கணக்கு லாபம், டியூ ஓடுகிற புது வண்டிக்கு புத்தகக் கணக்கு லாபம் என்று பெரும்பாலும் சொல்லலாம். இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் அது என்று மாற்றிக்கொள்ளவும் 44ஏஇ பிரிவில் தடை இல்லை.

புத்தகக் கணக்கு என்றால் ரொக்கத்தில் கவனம் வேணும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10 ஆயிரத்துக்கு மேல் ரொக்கமாக கொடுத்த செலவு கணக்கில் ஏறாது. பங்க்கில் 15 ஆயிரத்துக்கு டீசல் அடித்து நோட்டை எண்ணிக் கொடுத்தால் அந்த பில்லு குப்பைதான். கார்டு, யு.பி.ஐ. என்றால் பிரச்சினை இல்லை. பங்க் பில்லில் மை சீக்கிரம் அழிந்துவிடும், அன்றைக்கே செல்போனில் போட்டோ எடுத்து வைக்கணும். டோலுக்கு பாஸ்டேக் ஸ்டேட்மென்ட் போதும். ரோட்டில் கொடுக்கிற மாமூலுக்கு பில்லும் கிடையாது, கழிவும் கிடையாது.

வரி இல்லை, ஆனா ரிட்டர்ன் உண்டு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 12 லட்சம் வரை வரி இல்லை என்றதும் ரிட்டர்னும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். புதிய முறையில் 4 லட்சத்தை தாண்டினாலே ரிட்டர்ன் போடணும். ஒரே ஒரு 40 டன் டிரெய்லர் வைத்திருப்பவரும் இதில் வருகிறார். டன் கணக்கில் போகிறவர்களுக்கு ஐ.டி.ஆர்-4 படிவம், ‘சுகம்’ என்று பெயர். 

போடாவிட்டால் என்ன நஷ்டம்? முதல் நஷ்டம் கையில் இருந்தே போகிறது. டிரான்ஸ்போர்ட் கம்பெனிகள் வாடகை கொடுக்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கலாம். 10 வண்டிக்குள் வைத்திருப்பவர் பான் எண்ணும் ஒரு டிக்ளரேஷனும் எழுதிக் கொடுத்தால் பிடிக்கக் கூடாது. கொடுக்காமல் விட்டால் 20 லட்சம் வாடகைக்கு 20 ஆயிரம் போய்விடும். ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். பான் கொடுக்காதவர், பானை ஆதாரோடு இணைக்காதவர் என்றால் 20 சதவீதம் பிடிப்பார்கள். அது 4 லட்சம்!

ரெண்டாவது, பேங்க் கடன். ரெண்டு, மூணு வருஷ ரிட்டர்ன் இருக்கா என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லாதவர்கள் கூடுதல் வட்டிக்கு தனியாரிடம் போகிறார்கள்.

மூணாவதுதான் பெரிசு. விபத்தில் குடும்பத் தலைவர் இறந்துவிட்டால் நஷ்டஈடு அவர் வருமானத்தை வைத்துத்தான். வருமானத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டால் கோர்ட்டு தோராயமாக ஒரு தொகை போடும். தமிழ்நாட்டில் இருந்து போன விபத்து வழக்கு ஒன்றில், ரிட்டர்ன் இருந்தால் அதையே வருமானத்துக்கு ஆதாரமாக எடுக்கணும் என்று 2019 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. வருஷா வருஷம் 4.8 லட்சம் காட்டியவர் குடும்பத்துக்கும், எதுவும் காட்டாதவர் குடும்பத்துக்கும் கிடைக்கிற தொகையில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரலாம்.

வித்த வண்டியும் விடாது

வடசென்னையில் சகஜமான இன்னொரு பழக்கம், வண்டியை வித்துவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாத்தாமல் விடுவது. ஆர்.டி.ஓ. பாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வண்டி நாலு கை மாறியிருக்கும், ஆர்.சி. மட்டும் பழைய ஓனர் பெயரில். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வந்தாலும், வண்டி என்னிடம் இல்லை என்று நிரூபிக்கிற வேலை பழைய ஓனர் தலையில்தான்.

1961ம் ஆண்டு சட்டத்துக்கு பதிலாக புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அந்த தேதிக்கு பிறகு சம்பாதிப்பதற்கு பிரிவு எண் 58. டன்னுக்கு ஆயிரம் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. அதற்கு முந்தைய வருமானத்துக்கு பழைய 44ஏஇ பிரிவுதான். ரிட்டர்ன் கெடு தாண்டினால் 5 லட்சம் வருமானம் வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். கெடு தாண்டி போட்டவர்கள் அந்த வருஷ நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்கு கொண்டு போக முடியாது.