பயிற்சிக்குப் போகும்போது பிள்ளைகளின் நோட்டை எடுத்துப் போங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். போன் செய்தால், "டீச்சர், மறுபடியும் ட்ரெய்னிங் போட்டுட்டாங்க" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. போன தடவை என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். இரண்டு வருடப் பட்டயப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட முடியாது. ஆனால் இப்போது நடப்பது பயிற்சியா? மாநில அளவில் சிலருக்குச் சொல்கிறார்கள். அவர்கள் மாவட்டத்தில் வந்து சொல்கிறார்கள். அங்கிருந்து வட்டார வள மையம், அப்புறம் குறுவள மையம். குடத்துத் தண்ணீர் நாலு கை மாறி வரும்போது, கடைசி ஆளுக்குக் கை நனைக்கத்தான் மிஞ்சும். சார்ட் ஒட்டியாச்சு, குழு போட்டோ எடுத்தாச்சு, வருகை பதிந்தாச்சு. செயலியில் பயிற்சி என்றால் இன்னும் மோசம். வீடியோ ஒரு பக்கம் ஓடும், அடுப்பில் குக்கர் விசில் அடிக்கும், முடிவில் சான்றிதழ் வந்துவிடும்!

2020 தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதா, எதிர்ப்பதா என்பது தனிச் சண்டை. அதில் ஆசிரியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி என்று இருக்கிறது. அது ஆசிரியரின் சொந்த விருப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்றும் அங்கேயே இருக்கிறது. ஆனால் 50 மட்டும்தான் எல்லார் கண்ணிலும் படுகிறது. எந்த ஆட்சி வந்தாலும் நம் அதிகாரிகளுக்கு எண்ணத் தெரிந்தது மணிக்கணக்கு ஒன்றுதான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் 52-இல் 27 போக மீதி 35 என்று எழுதுகிறான். சிவப்பு மையில் தப்பு என்று போட்டு, "கவனம் பத்தாது" என்று முடித்துவிடலாம். ஆனால் அவன் கவனமாகத்தான் செய்திருக்கிறான். 2-இல் 7 போகாது என்று, 7-இல் இருந்து 2-ஐக் கழித்திருக்கிறான். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வேண்டியது பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள். ஒரு கட்டை அவனே அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அதேபோல, 'கொடி' என்பதைப் படிக்க முடியாமல் இன்னொரு பிள்ளை திணறுகிறது. ஒலியில் பின்னால் வரும் ஒகரத்துக்கு எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. குழந்தைக்கு இது குழப்பமாகத்தானே இருக்கும்?

இதைப் பற்றிப் பேசத்தானே பயிற்சி? பத்து ஆசிரியர்கள் ஆளுக்கு நாலு நோட்டு கொண்டு வரட்டும். ஏன் இப்படி எழுதினான் என்று பேசட்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் வகுப்பெடுக்க, மற்றவர்கள் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனிக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம்.

"ஆசிரியர்களிடம் விட்டால் அரட்டைதான் நடக்கும்" என்பார்கள். நோட்டு எதிரில் இருந்தால் அந்த அரட்டையும் பாடத்தைப் பற்றித்தான் இருக்கும். ஆசிரியர் பயிற்றுநர்களையும் புள்ளிவிவரம் சேகரிக்க அலையவிடாமல் வகுப்பறைக்குள் அனுப்புங்கள். கூட்டத்தில் பேசியது பலித்ததா என்று அடுத்த மாதம் வந்து பார்க்கட்டும்.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், மீதி ஒருவர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அன்றைய படிப்பை அந்தப் பிள்ளைகள் விட்டுக்கொடுக்கிறார்கள். அதற்கு ஈடாக அவர்களுக்கு ஏதாவது திரும்பி வர வேண்டாமா?

ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது பையில் நாலு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் பக்கத்தில் இருப்பவரிடம் விரித்துக் காட்டுங்கள். என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.